யூனிட்டைத் தொழிலாளிகளே எடுத்து நடத்துவது: கூட்டுறவா, பங்கா, கம்பெனியா?

ஓவர்லாக் மணி (அனுப்பர்பாளையம்)

வணக்கங்க. திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு ஜாப்ஒர்க் யூனிட்டில், அதாவது பெரிய கம்பெனிகளின் பனியனைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடத்தில், ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறேன். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 26 மிஷின், ஆள் 22 பேர். எங்கள் ஓனருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பையன் வெளிநாட்டில் குடியேறிவிட்டார், இந்தத் தொழிலுக்கு வரப்போவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பெரிய கம்பெனிகளே தடுமாறின. எங்களுக்கு வாரத்துக்கு மூன்று ஷிப்ட் வேலை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அப்போதே மூடிவிடலாம் என்று நினைத்தாராம்.

இப்போது எல்லாரையும் உட்கார வைத்து, "மிஷினை வியாபாரிக்குக் கொடுத்தால் பாதி விலைகூட வராது. நீங்களே எடுத்து நடத்துங்க. மூணு வருஷத்தில் தவணையாகக் கொடுத்தால் போதும். கட்டட வாடகை மட்டும் மாசாமாசம் வேணும்" என்கிறார்.

நம்மூரில் டெய்லர் ஓனராவது புதிதில்லை. நாலு பேர் சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்துப் பங்கு போடுவார்கள். மிச்சம் 18 பேர் அவர்களிடம் கூலிக்கு நிற்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவனாக என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்து மிஷினில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த ஆளுக்கு நாளைக்கு நான் சம்பளம் பேசுவதா? 22 பேரும் சேர்ந்து எடுத்து, 22 பேரும் சேர்ந்து முடிவு செய்து நடத்த வழி இருக்கிறதா? எந்தச் சட்டத்தில் பதிய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஜாப்ஒர்க் செல்வம் (பெருமாநல்லூர்)

தம்பி, நானும் கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) சேர்ந்து, டெய்லராகி, இப்போது சொந்தமாக யூனிட் வைத்திருப்பவன்தான். உங்கள் எண்ணத்தைக் குறை சொல்ல வரவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஷிப்டுக்குச் சராசரி 600 ரூபாய், வாரம் ஆறு ஷிப்ட் என்றால் 22 பேருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் 79,200 ரூபாய். வாடகை, கரண்ட், நூல், ஊசி, டெம்போ செலவு எல்லாம் சேர்த்து வாரம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் கொடுத்த கம்பெனி பில்லுக்கு 60 நாள் கழித்துப் பணம் போட்டால், ஒன்பது வாரத்துக்கான ஒன்பது லட்சம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். 90 நாள் ஆனால் பதிமூன்று லட்சம். மிஷின் பணத்தை உங்கள் ஓனர் தவணையாக வாங்கிக்கொள்வார். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு யாரும் தவணை சொல்ல முடியாது. புது யூனிட் பெரும்பாலும் அங்கேதான் சாய்கிறது.

அடுத்தது, முடிவு எடுப்பது. ராத்திரி பத்து மணிக்குக் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் போன் போட்டு, "ஐந்நூறு பீஸ் ஆல்டர், திருத்தித் தைக்க வந்திருக்கிறது, காலையில் கொடுத்தால் மதியம் முடியுமா" என்பார். அந்த நேரத்தில் யாரைக் கூட்டி ஓட்டுப் போடுவீர்கள்?

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்வேன். பங்கு யூனிட்டுகள் உடைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நட்டத்தால் உடைந்ததைவிட, கணக்கு நோட்டு ஒருத்தர் வீட்டிலேயே இருந்ததால் உடைந்தவை அதிகம்.

தோழர் 84

செல்வம் சொல்லும் பணக் கணக்கு சரி. அதைத் தாண்டி நடத்திக் காட்டியவர்கள் ரொம்ப தூரத்தில் இல்லை. வாளையாறு தாண்டினால் போதும்.

குருவாயூர் போகிற வழியில் இந்தியன் காபி ஹவுஸில் பீட்ரூட் போட்ட மசால்தோசை சாப்பிடாதவர் நம்மில் குறைவு. அந்தக் கடைக்குத் தனி முதலாளி கிடையாது. 1950களில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடி ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கியபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அந்தத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1957இல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை திறந்தது. விசிறித் தலைப்பாகை கட்டி உங்களுக்குத் தண்ணீர் வைக்கிறவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராக இருப்பார்.

அடுத்தது கண்ணூர் தினேஷ் பீடி. பீடித் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1966இல் வந்தது. கேரளம் அதை அமல்படுத்தப் போனதும் மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பக்கம் இருந்த பீடிக் கம்பெனிகளை மூடிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். அரசு கைகொடுக்க, 1969இல் தொழிலாளர்களே கூட்டுறவாகத் தொடங்கினார்கள். உச்சத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடம் அது. அந்தப் பக்கத்துப் பீடிக் கூடங்களில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பது பழைய வழக்கம். வாசிக்கிறவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அங்கிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பீடி விற்பனை சரிந்தபோது ஆளைக் கழித்துவிட்டு மூடவில்லை, உணவுப் பொருள், குடை என்று வேறு தொழிலில் இறங்கினார்கள்.

நம் பக்கம் வருகிறேன். 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அடுப்பு எரியாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பஞ்சப்படிக்காக அவ்வளவு நாள் தாங்கினோம். கம்பெனி எப்படி நடக்க வேண்டும், எந்த ஆர்டரை எடுப்பது, லாபத்தில் எது மிஷினுக்கு எது ஆளுக்கு என்று கேட்கும் உரிமையைத் திருப்பூரில் யாரும் கோரிக்கைப் பட்டியலில் எழுதவில்லை. அப்புறம் வேலையே கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம் என்று ஜாப்ஒர்க்காகச் சிதறிவிட்டது. மணி தம்பி கேட்பது அந்த விட்டுப்போன கேள்வியை. அதனால் நிச்சயம் செய்யுங்கள்.

சென்னிமலைத் தறி

தோழர் சொன்ன கேரளக் கதை சரி. தமிழ்நாட்டில் கூட்டுறவு என்று பதிகிறதுக்கு முன்னால் எங்கள் ஊரையும் ஒருமுறை பாருங்கள்.

சென்னிமலை கூட்டுறவால் எழுந்த ஊர். நெசவாளர் கூட்டுறவை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் இல்லாவிட்டால் எங்கள் பெட்ஷீட்டும் போர்வையும் வெளிநாடு போயிருக்காது. என் அப்பா தறிக்குழியில் கால் வைத்தது முதல் கடைசி வரை சங்கத்து நெசவாளிதான். சங்கம் நூல் கொடுக்கும், பாவு கொடுக்கும், நெய்த துணியை எடுத்துக்கொண்டு கூலி போடும், தீபாவளிக்குப் போனஸ் வரும். நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவரிடம் கடன்பட்டுக் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய விடுதலை. அதை நான் எந்த நாளும் மறுக்க மாட்டேன்.

ஆனால் என்ன டிசைன் போடுவது, எந்த நூல் வாங்குவது, தேங்கின சரக்கை என்ன செய்வது என்று அப்பாவிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பொதுக்குழு நோட்டில் கையெழுத்து வாங்க வீட்டுக்கே ஆள் வரும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சட்டத்தில் பதிவாளருக்கு அதிகாரம் ரொம்ப அதிகம். குழுவைக் கலைக்கலாம், தனி அலுவலரைப் போடலாம். 2018இல் தேர்ந்தெடுத்த குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் என்ன நடந்தது? தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்று 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. உறுப்பினர் ஓட்டுப் போடாத கூட்டுறவுக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

பெயரில் கூட்டுறவு இருப்பதை வைத்து யாருடையது என்று முடிவு செய்யாதீர்கள். சேலம் சேகோசர்வ் 1981இல் வந்தது, அது ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவு. மடத்துக்குளம் அமராவதி சர்க்கரை ஆலை கரும்பு விவசாயிகளின் கூட்டுறவு. அங்கே பாய்லர் பக்கத்தில் நின்ற ஆள் கூலிக்காரர்தான், உறுப்பினர் இல்லை.

கணக்கர் (கோவை)

சட்ட வடிவம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரி, பதிவு வேலைகளைத்தான் தினமும் பார்க்கிறேன்.

சாதாரணப் பங்கு நிறுவனம் 1932ஆம் வருடச் சட்டத்தில் வருகிறது. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு: கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் உரிமை இருக்கிறது. செல்வம் அண்ணா சொன்ன நோட்டுச் சண்டைக்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது, யாரும் எடுத்துப் படிப்பதில்லை. ஆனால் கடன் என்று வந்தால் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. தொழில் நொடித்தால் டெய்லர் வீட்டுப் பத்திரம் வரைக்கும் போகும். 22 குடும்பத்தை அதில் மாட்டிவிடாதீர்கள்.

எல்.எல்.பி. என்கிற வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள பங்கு நிறுவனம் 2008ஆம் வருடச் சட்டத்தில் வருகிறது. கடன் பொறுப்பு போட்ட பணத்தோடு நின்றுவிடும். தனியாக ஒப்பந்தம் எழுதாவிட்டால் ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபம் சரிசமம் என்று சட்டத்தின் முதல் அட்டவணையே சொல்கிறது. கேட்பதற்கு நீங்கள் தேடுவது இதுதான் என்று தோன்றும்.

உற்பத்தியாளர் கம்பெனி என்று ஒன்று இருக்கிறது. 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்தது, ஆளுக்கு ஒரு ஓட்டு. விவசாயிகள், கைத்தறிக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. மலையில் தேன் எடுக்கும் பழங்குடி மக்கள் கோத்தகிரியில் ஆதிமலை என்று ஒன்றை நடத்துகிறார்கள், நன்றாகவே நடக்கிறது. ஏற்றுமதி பனியன் தைக்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

என் யோசனை எல்.எல்.பி. அல்லது பிரைவேட் லிமிடெட். முன்னது செலவு குறைவு.

செக்கிங் அக்கா (ராக்கியாபாளையம்)

எல்.எல்.பி. என்றால் எங்கள் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு என்னவாகும் என்று யாராவது சொல்லுங்க. என் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். என் இ.எஸ்.ஐ. கார்டில்தான் ஓடுகிறது. நான் முதலாளி ஆகிவிட்டேன் என்று அந்தக் கார்டை வாங்கிக்கொண்டால் எனக்கு அந்த முதலாளி பட்டமே வேண்டாம்.

அப்புறம் ரேட். இத்தனை வருடம் செக்கிங் பார்க்கிறேன். ஒரு ரவுண்ட் நெக் டீசர்ட்டுக்குக் கம்பெனி என்ன ரேட் கொடுக்கிறது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தோள் சேர்க்க ஒரு ரேட், கழுத்து ரிப் வைக்க ஒன்று, கை ஏற்ற ஒன்று, சைடு மூட, அடி மடிக்க, லேபிள் வைக்க, பிசிறு வெட்ட என்று அவரவர் ரேட் அவரவருக்குத் தெரியும். மொத்தம் காண்ட்ராக்டர் மனசுக்குள் இருக்கும். ஒரு பீஸ் டேமேஜ் ஆனால் பிடித்தம் எவ்வளவு என்பதும் அவர் மனசுக்குள்தான். நீங்கள் எந்தச் சட்டத்தில் வேண்டுமானாலும் பதியுங்கள். ஸ்டைல் நம்பர், கம்பெனி கொடுக்கும் ரேட், நம் ஒவ்வொருவர் ரேட், மிச்சம் எவ்வளவு என்று பண்டல் இறங்குகிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் எழுதிப் போடுங்கள். அதைச் செய்கிற இடத்தில் நான் சேர்கிறேன்.

கூட்டம் வைத்தால் ஷிப்ட் நேரத்துக்குள் வையுங்கள். ராத்திரி எட்டரைக்கு வைத்தால் ஆம்பிளைகள் மட்டும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். நாங்கள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்போம்.

கணக்கர் (கோவை)

அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. என் யோசனையையே மாற்றுகிறது. பங்குதாரர் சம்பளம் மாதிரி எடுத்தாலும் அவர் இ.எஸ்.ஐ. சட்டப்படி தொழிலாளி ஆக மாட்டார் என்று ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக 22 பேரும் பங்குதாரர் என்றால் கார்டு போய்விடும். பி.எஃப். பக்கமும் அதே சிக்கல் வரும்.

கம்பெனி அப்படி இல்லை. சட்டத்தின் பார்வையில் கம்பெனி தனி நபர். அதில் ஷேர் வைத்திருக்கும் டெய்லர் அந்தக் கம்பெனியிடமே சம்பளம் வாங்கும் தொழிலாளியாகவும் இருக்கலாம். இ.எஸ்.ஐ. தொடரும். பிரைவேட் லிமிடெட்டில் 200 பேர் வரை உறுப்பினராகலாம். ஷேரை வெளியாளுக்கு விற்கக் கட்டுப்பாடு வைத்தே ஆக வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, அது நமக்கு வசதி. ஆண்டுத் தணிக்கை கட்டாயம் என்பதால் செலவு கொஞ்சம் கூடும். 22 பேர் கண்ணும் படுகிற கணக்குக்கு அந்தச் செலவு தகும்.

ஆளுக்குச் சம எண்ணிக்கையில் ஷேர் என்று விதிமுறையில் எழுதிவிட்டால், ஷேருக்கு ஓட்டு என்பதும் ஆளுக்கு ஓட்டு என்பதும் ஒன்றாகிவிடும்.

மலைச்சாரல் (உடுமலை)

கணக்கர் அண்ணா சொல்வது காகிதத்தில் சரி. கம்பெனி ஷேர் என்றதும் மனதில் மூணாறு வருகிறது. என் அம்மா வீட்டு ஆட்கள் அங்கே தேயிலை பறிக்கிறவர்கள்.

2005இல் டாடா டீ மூணாறு எஸ்டேட்களிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி தொழிலாளர்களுக்கே ஷேர் கொடுத்து ஆரம்பித்தது. பெரும்பங்கு ஊழியர்களிடம் என்று ஊரெல்லாம் பாராட்டினார்கள். 2015 செப்டம்பரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஷேர் வைத்திருந்த அதே பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனி 10 சதவீதப் போனஸ் அறிவித்தது, அவர்கள் 20 கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிற பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. அவர்கள் அமைப்புக்குப் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர் வந்ததே அப்போதுதான். கடைசியில் கருணைத்தொகையும் சேர்த்து 20 கிடைத்தது.

ஷேர்ப் பத்திரம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. லயத்து வீட்டில் கழிப்பறை கட்டுவதா, மேனேஜர் பங்களாவுக்குப் பெயின்ட் அடிப்பதா என்று தீர்மானிக்கிற மேஜையில் அந்தப் பெண்கள் உட்காரவில்லை. அந்தக் கம்பெனி தொழிலாளர் கம்பெனி என்று சொல்லப்பட்டதால்தான் அவர்களுக்குக் கோபம் இன்னும் அதிகம் வந்தது என்று நான் நம்புகிறேன். கொளுந்து பறிக்கிற ஒருத்தி அந்த வருடப் போனஸ் கணக்கை முன்கூட்டியே பார்த்திருந்தால் ரோட்டுக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை.

அதனால் மணி அண்ணா, ஷேரை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒரு நாள் செலவு பண்ணினால், எது எதை யார் முடிவு செய்வது என்பதற்கு ஒரு மாதம் செலவு பண்ணுங்கள்.

ஜாப்ஒர்க் செல்வம் (பெருமாநல்லூர்)

சரி, இப்போது உருப்படியான இடத்துக்கு வந்திருக்கிறோம். அந்தப் பத்து மணிப் போனுக்கு யார் பதில் சொல்வது? மேனேஜர் இல்லாமல் நடக்காது. மேனேஜர் இருந்தால் அவர்தான் முதலாளி. இதற்கு என்ன வழி?

தோழர் 84

மேனேஜரை யார் வைப்பது, யார் எடுப்பது என்பதில்தான் இருக்கிறது விடை. ஸ்பெயினில் பாஸ்க் நாட்டில் மோன்ட்ராகன் என்று ஒரு சிற்றூர். 1941இல் அங்கே வந்த அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற பாதிரியார் 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஐந்து பேர் 1956இல் ஸ்டவ் செய்கிற சின்னத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது சுமார் எழுபதாயிரம் பேர் வேலை செய்கிற கூட்டுறவுக் குடும்பம். அங்கே உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குழு மேனேஜரை நியமிக்கும். அன்றாட முடிவு முழுக்க அவர் கையில். நடுராத்திரிப் போனுக்கு அவரே பதில் சொல்வார். ஆனால் வேண்டாம் என்றால் குழு அவரை மாற்றிவிடும். மேல் சம்பளம் கீழ்ச் சம்பளத்தைப் போல ஆறு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர்களின் பொதுவான வரம்பு.

செல்வத்தின் முதல் கேள்விக்கும் அங்கே பதில் உண்டு. 1959லேயே தங்களுக்கென்று ஒரு வங்கி வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. பெரிய சறுக்கலும் நடந்தது. அந்த முதல் தொழிற்சாலையிலிருந்து வளர்ந்த ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி 2013இல் திவாலானது. போட்ட மூலதனத்தை உறுப்பினர்கள் இழந்தார்கள். மற்றக் கூட்டுறவுகள் அவர்களில் பலரை வேலைக்கு எடுத்துக்கொண்டன. தனியாக நின்றிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ஈரோட்டு மீனா

இந்த விவாதத்தை முழுக்கப் படித்தேன். தையல்காரர்களின் கதை ஒன்றைச் சேர்க்கிறேன். அர்ஜென்டினாவில் புவனோஸ் ஐரிஸ் நகரில் புருக்மன் என்று கோட்டு சூட்டு தைக்கிற கம்பெனி. 2001 டிசம்பர் 18 அன்று பஸ் காசுக்குக்கூடப் பணமில்லாத தொழிலாளர்கள் சம்பள பாக்கி கேட்டு உள்ளேயே உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். முதலாளிகள் திரும்பி வரவில்லை. அவர்களே மிஷினை ஓட்ட ஆரம்பித்தார்கள். 2003 ஏப்ரலில் போலீஸ் வெளியேற்றியது. அந்த வருடம் முடிவதற்குள் திரும்ப உள்ளே போய்க் கூட்டுறவாக நடத்தினார்கள். தாங்கள் உட்கார்ந்த அந்தத் தேதியையே கூட்டுறவுக்குப் பேராக வைத்தார்கள். மணிக்கு அந்தச் சண்டை தேவையில்லை, ஓனரே கொடுக்கிறார். அந்த அதிர்ஷ்டத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் 22 பேரில் வடமாநிலத்துக்காரர்கள் எத்தனை பேர்? அவர்கள் உறுப்பினரா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் கொங்கு நாட்டில் பங்கு சேர்வது எப்போதும் உறவுக்குள், சாதிக்குள். கல்யாணத்தில் சந்தித்தவர்கள் கம்பெனி தொடங்குவார்கள். அந்த நம்பிக்கையால்தான் இந்த ஊர் வளர்ந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே நம்பிக்கை அருந்ததியர் வீட்டுப் பையனை எத்தனை வருடம் கைமடியாகவே உட்கார வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் நாலு பேர் யார், எப்படிச் சேர்ந்தார்கள் என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள்.

ஓவர்லாக் மணி (அனுப்பர்பாளையம்)

மீனா அக்கா, நேராகவே சொல்கிறேன். ஏழு பேர் ஒடிசாக்காரர்கள். முதலில் பேசியபோது, "அவங்க ஊருக்குப் போனா வருவாங்களோ மாட்டாங்களோ, அவங்களை எதுக்குச் சேர்க்கிறது" என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். அவர்களில் ஒருத்தர் ஐந்து வருடமாக என் பக்கத்தில் பேட்லாக் ஓட்டுகிறார். எங்கள் யூனிட்டில் அவர் கைக்கு ஆல்டர் வந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்ன நாலு பேர் விஷயமும் உண்மை. மூன்று பேர் ஒரே ஊர், ஒரே சொந்தம்.

அந்த ஏழு பேரை விட்டுவிட்டு 15 பேர் எடுத்தால், 15 முதலாளி 7 கூலி என்றுதான் ஆகும். அடுத்த வருடம் ஆர்டர் கூடினால் 15 முதலாளி 20 கூலி. நான் எதை வேண்டாம் என்று இங்கே எழுத ஆரம்பித்தேனோ அது அங்கே வந்து நிற்கும்.

கணக்கர் (கோவை)

மணி, நீங்கள் சொன்ன அந்த இடத்தில்தான் உலகம் முழுக்கத் தொழிலாளர் கூட்டுறவுகள் வழுக்குகின்றன. மோன்ட்ராகனுக்கே உறுப்பினர் அல்லாத கூலித் தொழிலாளர்கள் வெளிநாட்டு ஆலைகளில் உண்டு. நல்ல வருடத்தில் பழைய உறுப்பினர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர் கூலி. அதைத் தடுக்க முதல் நாளே விதி வேண்டும், லாபம் வந்த அப்புறம் எழுத முடியாது.

நான் இப்படி எழுதுவேன். புதிதாகச் சேருகிறவர் ஆறு மாதம் கழித்து உறுப்பினராக உரிமை பெறுவார், மறுக்க வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் கொடுத்துக் கூட்டத்தில் ஓட்டுக்கு விட வேண்டும். ஷேர் ஆளுக்கு 20,000 ரூபாய், வாரம் 250 ரூபாயாகக் கட்டலாம், 80 வாரத்தில் முடியும். போகிறவருக்குப் போட்ட பணமும் அவர் பங்குக்குச் சேர்ந்த லாபமும் திரும்பும், ஷேரை வேறு யாருக்கும் விற்க முடியாது. லாபத்தில் ஒரு பகுதியை யாரும் பிரித்துக்கொள்ள முடியாத இருப்பாக வைக்க வேண்டும், செல்வம் அண்ணா சொன்ன ஒன்பது லட்சம் அதிலிருந்துதான் சேரும்.

22 பேர் கட்டி முடித்தாலும் 4,40,000 ரூபாய்தான். மிச்சத்துக்கு இரண்டு வழி. சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் செய்யுங்கள். சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால், அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கிற வருடம் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரர்களின் ஆடிட்டர்கள் இப்போது இதற்குப் பயப்படுகிறார்கள். அடுத்தது, பீஸுக்கு 25 பைசா குறைத்துக்கொண்டு வாரப் பணம் கொடுக்கிற கம்பெனி இருந்தால் அந்த ஆர்டரை எடுங்கள். ஓனர் இந்த முடிவைத் தனியாக எடுப்பார். நீங்கள் சுவரில் எழுதிப் போட்டு எடுக்கலாம்.

செக்கிங் அக்கா (ராக்கியாபாளையம்)

ஒடியாக்காரத் தம்பிகளுக்குக் கூட்டத்தில் என்ன பேசுகிறோம் என்று புரிய வேண்டும். எங்கள் லைனில் இருக்கும் பொண்ணு ஒருத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள், ஒடியாவும் தெரியும். அவளை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், அதற்கும் அவளுக்கு ஷிப்ட் சம்பளம் கணக்குப் போடுங்கள்.

ஜாப்ஒர்க் செல்வம் (பெருமாநல்லூர்)

அந்த 45 நாள் விதியை நானும் என் யூனிட்டுக்குப் பயன்படுத்துகிறேன், பலன் இருக்கிறது. மணி, உங்களுக்கு வேலை கொடுக்கத் தெரிந்த கம்பெனி ஒன்றிரண்டு இருக்கிறது. பேசி வைக்கிறேன். தரத்தில் மட்டும் என் பேரைக் காப்பாற்றுங்கள்.

ஓவர்லாக் மணி (அனுப்பர்பாளையம்)

எல்லாருக்கும் நன்றிங்க. சனிக்கிழமை சம்பளம் போட்ட கையோடு, ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசினோம். ஓனரும் இருந்தார். 22 பேரில் 19 பேர் சம்மதம். இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போகிறார்கள், ஒருத்தர் யோசிக்கிறேன் என்றார். ஒடிசாக்காரர்கள் ஏழு பேரும் உள்ளே. பிரைவேட் லிமிடெட், சம ஷேர், ஐந்து பேர் குழு, அதில் இரண்டு பேராவது பெண்கள். மேனேஜர் வேலைக்குக் கட்டிங் மாஸ்டரை ஒரு வருடத்துக்கு நியமிக்கலாம் என்று பேச்சு. அதிகபட்சச் சம்பளம் குறைந்தபட்சத்தைப் போல் இரண்டு மடங்கு. சுவருக்குக் கறுப்புப் போர்டு வாங்கியாகிவிட்டது.

ஓனர் ஒன்று கேட்டார். தவணை முடிகிற வரைக்கும் தனக்கும் ஒரு ஷேர் வேண்டும் என்கிறார். எங்களில் பாதிப் பேர் கொடுக்கலாம், மனிதர் நல்லவர் என்கிறார்கள். கணக்கர் அண்ணா, என்ன சொல்கிறீர்கள்?

கணக்கர் (கோவை)

ஷேர் வேண்டாம். அவர் நல்லவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை செய்யாத ஒருவருக்கு ஒரு ஷேர் கொடுத்தால், நாளைக்கு நூல் கடைக்காரருக்கும் பணம் போடுகிற மச்சானுக்கும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அவருக்கு வேண்டியது பணத்துக்கு உறுதி. தவணை முடியும் வரை 26 மிஷினும் அவர் பேரில் அடமானமாக இருக்கட்டும், கம்பெனிப் பதிவாளரிடம் அதைப் பதிந்துகொள்ளலாம். மாதக் கணக்கு நகல் ஒன்று அவருக்கும் போகட்டும். முதல் ஆறு மாதம் ஆலோசகராக வந்தால் அதற்குச் சம்பளம் கொடுங்கள். விதிமுறை வரைவை இந்த வாரம் தமிழிலேயே எழுதி அனுப்புகிறேன். 19 பேரும் வாசித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள், அப்புறம் பதிவுக்கு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம்.